கத்தியின் எல்லை அறிந்த மேதை: குர்துபாவின் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ

மருத்துவ உலகிற்கு முஸ்லிம் அறிஞர்கள் ஆற்றிய தொண்டினைப் பேசத் தொடங்குவோர் முதலில் இப்னு ஸீனாவையும், அடுத்து அர்ராஸீயையும் கூறுவது வழக்கம். அவ்விருவரும் நோயின் இயல்பை ஆராய்ந்து, மருந்தின் குணத்தை வகுத்து, மருத்துவத்தைப் பெருஞ் சிந்தனைக் கலையாக உயர்த்தியவர்கள். அவர்களோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மூன்றாமவர் ஒருவர் உளர். கையால் செய்யும் மருத்துவம் தாழ்ந்தது என்று கற்றோர் பலரும் கருதிய காலத்தில், கத்தியையும் கொக்கியையும் ஊசியையும் தம் கையில் ஏந்தி, அவற்றின் உருவத்தைத் தம் நூலிலும் வரைந்து காட்டிய அப்பெருமகனார், ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ ஆவார். ஐரோப்பியர் அவரை அல்புகாசிஸ் என்று அழைத்தனர்.

அவரை அறுவை மருத்துவத்தின் தந்தை என்று போற்றுவர். அப்புகழுரை எதனால் பொருந்துகிறது என்பதை உணர, அவர் செய்த பெரிய அறுவைகளைக் காட்டிலும் சிறியதோர் அறுவையே நமக்கு நன்கு துணை செய்யும். கண்ணின் மூக்கோர முனையில் தோன்றிக் கருவிழியின் மேல் மெல்லப் படர்ந்து பார்வையை மறைக்கும் சதை வளர்ச்சியை அவர் அகற்றிய முறையே அது. இன்றைய கண் மருத்துவர் அந்நோயை டெரிஜியம் என்பர்.

பிறந்த நகரம்

முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினுக்கு அந்தலூஸ் என்பது பெயர். அதன் தலைநகரம் குர்துபா. 929 ஆம் ஆண்டில் தம்மைக் கலீஃபாவாக அறிவித்துக்கொண்ட மூன்றாம் அப்துர் ரஹ்மான், 936 ஆம் ஆண்டில் குர்துபாவுக்கு மேற்கே ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில் புதியதோர் அரச நகரை எழுப்பத் தொடங்கினார். பளிங்குத் தூண்களும், நீர்த்தடாகங்களும், படிப்படியாக இறங்கும் மூன்று தளங்களும் கொண்ட அந்நகர் மதீனத்துஸ் ஸஹ்ரா எனப் பெயர் பெற்றது.

அந்நகர் எழத் தொடங்கிய காலத்தை ஒட்டியே, ஏறத்தாழ 936 ஆம் ஆண்டில், கலஃப் இப்னு அப்பாஸ் பிறந்தார். ஊரின் பெயரே அவருக்கு அஸ்ஸஹ்ராவீ என்னும் அடைமொழியாயிற்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு மதீனாவில் அடைக்கலம் தந்து உதவிய அன்ஸாரிகளின் வழித்தோன்றல் என்பதால் அல்அன்ஸாரீ என்றும் அவர் குறிக்கப்படுகிறார். ஒரு நகரமும் அதன் மருத்துவரும் ஒரே காலத்தில் தோன்றி ஒன்றாக வளர்ந்தனர் எனலாம். இரண்டின் முடிவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நேர்ந்ததை இக்கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

அறிவு தழைத்த சூழல்

அஸ்ஸஹ்ராவீ இளமைப் பருவம் எய்திய போது குர்துபா மேற்குலகின் அறிவுக் களஞ்சியமாகத் திகழ்ந்தது. 961 முதல் 976 வரை ஆண்ட இரண்டாம் ஹகம் நூல்களின் மீது தீராக் காதல் கொண்டவர். அவரது நூலகத்தில் நான்கு இலட்சம் நூல்கள் இருந்தன என்றும், நூற்பட்டியல் மட்டுமே 44 ஏடுகளாக விரிந்தது என்றும் அக்கால வரலாற்றாசிரியர் எழுதி வைத்துள்ளனர்.

அச்சூழலின் தன்மையை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். கான்ஸ்டான்டிநோபிளின் கிறித்தவப் பேரரசர், மூலிகைகளைப் பற்றி டயாஸ்கோரிடிஸ் எழுதிய கிரேக்க நூலின் ஓவியப் படி ஒன்றை அப்துர் ரஹ்மானுக்குப் பரிசாக அனுப்பினார். குர்துபாவில் பழங்கிரேக்கம் அறிந்தார் இலர். ஆகவே கலீஃபா வேண்டியபடி 951 ஆம் ஆண்டில் நிக்கோலஸ் என்னும் துறவி அங்கு வந்து சேர்ந்தார். அவரும், யூத அறிஞரான ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்தும், முஸ்லிம் மருத்துவர்களும் ஒன்றாக அமர்ந்து, கிரேக்கப் பெயர் கொண்ட செடி ஒவ்வொன்றும் தம் நாட்டில் எப்பெயர் பெறும் என்று ஆராய்ந்து உறுதி செய்தனர். மூன்று சமயத்தார் ஒரு நூலைச் சுற்றி அமர்ந்த அந்த நகரத்திலேயே அஸ்ஸஹ்ராவீயின் இளமை கழிந்தது.

அவருடைய வாழ்க்கைச் செய்திகளாக வரலாற்று ஏடுகள் தருவன மிகச் சிலவே. ஆயினும் அவரை நேரில் கண்ட ஒருவர் சான்று பகர்ந்துள்ளார். குர்துபாவில் 994 ஆம் ஆண்டில் பிறந்த பேரறிஞர் இப்னு ஹஸ்ம், அந்தலூஸின் சிறப்புகளைத் தொகுத்துரைக்கும் இடத்தில், அஸ்ஸஹ்ராவீயைத் தாம் சந்தித்ததாகக் குறிப்பிட்டு, மருத்துவத்தில் அவரது நூலைக் காட்டிலும் நிறைவானதும் சிறந்ததும் எழுதப்படவில்லை என்று சொன்னால் அது மிகையாகாது என்று மதிப்பிடுகிறார். இப்னு ஹஸ்மின் மாணவரான அல்ஹுமைதீயும் தம் வரலாற்று நூலில் அவரைப் பற்றிச் சிறு குறிப்பொன்று எழுதியுள்ளார். எஞ்சிய செய்திகளை எல்லாம் அஸ்ஸஹ்ராவீயின் நூலுக்குள்ளிருந்தே நாம் திரட்டிக்கொள்ள வேண்டியுள்ளது. அந்நூலே அவர் வாழ்வு. அவர் வாழ்வே அந்நூல்.

கிதாபுத் தஸ்ரீஃப்

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் மருத்துவம் பார்த்த பட்டறிவைத் திரட்டி, 1000 ஆம் ஆண்டளவில் அவர் நிறைவு செய்த பெருநூல் கிதாபுத் தஸ்ரீஃப். பல நூல்களையும் தேடித் தொகுத்துக்கொள்ள இயலாதவர்க்கு அத்தொகுப்பின் பயனைத் தருவது என்பது அதன் முழுப் பெயரின் கருத்து. கற்கும் மாணவனின் இயலாமையை எண்ணி இரங்கிய ஓர் ஆசிரியரின் உள்ளம் நூற்பெயரிலேயே புலப்படுகிறது. நூலின் உள்ளேயும் அவர் தம் மாணவர்களைப் பிள்ளைகள் என்றே விளித்துப் பேசுகிறார்.

அந்நூல் 30 பகுதிகளை உடையது. முதலிரண்டு பகுதிகளில் மருத்துவத்தின் பொது இயல்புகளும் நோய்களும் பேசப்படுகின்றன. அவற்றைத் தொடர்ந்து கூட்டு மருந்துகள் பற்றிய பகுதிகள் நெடிதாக அமைகின்றன. உணவு முறை, தனி மூலிகைகள், மருந்து செய்யும் முறை, நிறையும் அளவும் ஆகியன பின்னர் வருகின்றன. முப்பதாவது பகுதியே அறுவை மருத்துவம். அது சூட்டுக்கோலால் சுடுதல், கத்தியால் அறுத்தல், எலும்பு முறிவையும் மூட்டு விலகலையும் சரிசெய்தல் என மூன்றாக வகுக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ இருநூறு கருவிகளின் படங்கள் அதில் இடம்பெற்றுள்ளன. பல் பிடுங்கும் குறடு, சீழ்க்கட்டியைத் திறக்க விரல்களுக்கிடையே மறைத்துப் பிடிக்கும் கத்தி, மகப்பேற்றுக் கருவிகள், கண்ணுக்குரிய நுண்ணிய கொக்கிகள் என அவை விரிகின்றன. கருவியைப் படமாக வரைந்து, அதன் அளவையும், எவ்வுலோகத்தால் செய்ய வேண்டும் என்பதையும், எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதையும் கூறும் முறை கொல்லனுக்கும் மருத்துவனுக்கும் ஒருங்கே பயன்படுவது.

அறுவையை ஏன் நூலின் இறுதியில் வைத்தார் என்பதற்கு அவரே விளக்கம் தருகிறார். தம் நாட்டில் அக்கலை ஏறத்தாழ அழிந்து போயிற்று என்றும், பழைய நூல்களில் எஞ்சியவையும் படியெடுத்தோர் பிழையால் பொருள் விளங்காமற் சிதைந்தன என்றும் அவர் வருந்துகிறார். உடற்கூற்றை முறையாகக் கல்லாதவன் கத்தியைத் தொடலாகாது என்பதே அவர் வற்புறுத்தும் முதல் விதி. உறுப்புகளின் அமைப்பு, நரம்பும் தமனியும் செல்லும் வழி, எலும்பின் எண்ணிக்கை, தசையின் பிணைப்பு ஆகியவற்றை அறிந்த பின்னரே மாணவன் இக்கலைக்கு வருதல் வேண்டும்.

கத்திக்கு முன் கருணை

இவ்விதியை விளக்க அவர் தாம் கண்ட அவலங்களை அடுக்குகிறார். அறிவற்ற மருத்துவன் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை அறுக்க முற்பட்டு, தமனியை வெட்டிவிட, அவள் அவன் கண் முன்னரே குருதி வடித்து இறந்தாள். மற்றொருவன் முதியவர் ஒருவரின் சிறுநீர்ப்பையில் இருந்த பெருங்கல்லை எடுக்கத் துணிந்து, பையின் ஒரு துண்டையும் சேர்த்து எடுத்தான். அம்முதியவர் மூன்று நாளளவில் மாண்டார். அவருக்கு அறுவை செய்ய முதலில் அழைக்கப்பட்டவர் அஸ்ஸஹ்ராவீயே. கல்லின் பருமனையும் நோயாளியின் நிலையையும் கண்டு, இவர் அறுவையைத் தாங்கார் எனத் தெளிந்து அவர் ஒதுங்கிக்கொண்டார். கால் முறிந்து புண்ணும் பட்ட சிறுவன் ஒருவனுக்கு, புண்ணிற்கு வழி விடாமல் இறுகக் கட்டியதால் கால் அழுகிய செய்தியையும் அவர் பதிவு செய்துள்ளார். கட்டை அவிழ்த்ததும் சிறுவனின் வலி தணிந்தது. ஆனால் அழுகல் பரவி முடிந்திருந்தமையால் அவனைக் காப்பாற்ற இயலவில்லை.

இக்கதைகளைத் தம் பெருமைக்காக அவர் கூறவில்லை. கையால் செய்யும் மருத்துவத்தில் நலம் தருவது ஒன்று, பெரும்பாலும் கேடு விளைப்பது மற்றொன்று என இருவகை உண்டு எனப் பிரித்து, இரண்டாவது வகை வரும் இடங்களை எல்லாம் நூல் நெடுகிலும் அடையாளம் காட்டிச் செல்கிறார். பொருளாசையையும் புகழாசையையும் கருணையும் எச்சரிக்கையும் வென்று நிற்க வேண்டும் என்பது மாணவர்க்கு அவர் இடும் கட்டளை.

கண்ணில் வளரும் சதை

இனி, முன்னர்க் குறிப்பிட்ட கண்நோய்க்கு வருவோம். அரபு மருத்துவர்கள் அந்நோயை ளஃபரா என்றனர். அது நகத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லோடு உறவுடையது. டெரிஜியம் என்பதோ சிறிய இறக்கை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். முக்கோண வடிவில் கூர்முனை கருவிழியை நோக்கி அமைய, அகன்ற அடி மூக்கோரம் விரிந்திருக்கும் அச்சதையைக் கண்டவர்க்கு இவ்விரு பெயர்களின் பொருத்தமும் விளங்கும்.

வெயிலும் காற்றும் தூசியும் மிகுந்த வெளியிடங்களில் உழைப்போரை இந்நோய் மிகுதியாகப் பற்றுகிறது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களே இதற்கு முதன்மைக் காரணம் என்பது இன்றைய அறிவியல் முடிவு. பூமத்திய ரேகைக்கு இருபுறமும் 37 பாகை வரை உள்ள நாடுகளில் இது அதிகம் என்பர். நம் தமிழகம் அவ்வெல்லைக்குள் அடங்குவது. குர்துபா அவ்வெல்லையின் விளிம்பில் இருப்பது. உப்பளத்திலும் கடலிலும் வயலிலும் வெயிலில் நிற்போருக்கு இந்நோய் அயலானதன்று.

அஸ்ஸஹ்ராவீ இதனை இருவகையாகப் பிரிக்கிறார். ஒன்று உறுதியான மெல்லிய சவ்வினைப் போன்றது. மற்றொன்று உறைந்த வெண்ணிற நீரைப் போன்றது. கொக்கியால் பற்ற முயன்றால் பிடிபடாமல் சிதைந்து போவது. இரண்டும் மூக்கோர முனையில் தொடங்கிச் சிறிது சிறிதாக முன்னேறிப் பாவையை மூடிப் பார்வையைத் தடுக்கும். பிடிபடாத வகையைக் கத்தியால் அணுகாமல் மருந்தால் கரைக்க முயல வேண்டும் என்கிறார். பிடிபடும் வகைக்கே அறுவை.

அறுவையின் முறை இது. நோயாளி மருத்துவரின் மடியில் தலை வைத்துப் படுப்பார். இமையை உயர்த்தி, வளைவு குறைந்த சிறு கொக்கியால் சதையைப் பற்றி மெல்ல மேலே தூக்க வேண்டும். பின்னர், குதிரையின் அல்லது மாட்டின் மயிரும் உறுதியான நூலும் கோத்த ஊசியைச் சற்றே வளைத்து, சதையின் நடுவே செலுத்தி மறுபுறம் வாங்க வேண்டும். நூலால் சதையைக் கட்டி மேலே இழுத்துப் பிடித்தபடி, பாவையை நோக்கிய பக்கத்தை அம்மயிரைக் கொண்டு அரம் போல் முன்னும் பின்னும் இழுத்து உரிக்க வேண்டும். கருவிழியின் மீது இரும்பு படாமல் மயிரே அவ்வேலையைச் செய்து முடிக்கிறது என்பதில் இம்முறையின் நுட்பம் அடங்கியுள்ளது. எஞ்சிய அடிப்பகுதியை நுண்கத்தியாலோ சிறு கத்தரியாலோ வெட்டி அகற்றலாம்.

இவ்விடத்தில் அவர் இரண்டு எச்சரிக்கைகளைத் தருகிறார். கண்ணின் முனையில் இயல்பாகவே உள்ள சிறு சதையை வெட்டாமல் விட வேண்டும். அதனை வெட்டினால் கண்ணீர் ஓயாமல் வடியும் என்பது ஒன்று. கத்தியால் உரிக்கும் போது கருவிழிப் படலத்தில் அது படாமல் காக்க வேண்டும். பட்டால் பாவைக்கே கேடு நேரும் என்பது மற்றொன்று. எதை அறுப்பது என்பதற்குச் சில வரிகளையும், எதை அறுக்கலாகாது என்பதற்கு அதே அளவு கவனத்தையும் அவர் செலவிடுகிறார். சதை நீங்கிய புண்ணில் சிறிது உப்புத்தூளையோ செம்பின் பச்சைக் களிம்பையோ இட்டு, மறுநாள் வரை விட்டுப் பின்னர் ஆறும் வரை மருத்துவம் செய்ய வேண்டும் என முடிக்கிறார்.

கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து அன்று இல்லை. அது 1884 ஆம் ஆண்டில் வியன்னாவில் கார்ல் கொல்லர் கோக்கெய்னைப் பயன்படுத்திக் காட்டிய பின்னரே உலகிற்குக் கிடைத்தது. விழித்திருந்து வலியை உணரும் மனிதரின் கண்ணில், மயிரிழையைக் கொண்டு இவ்வறுவையைச் செய்து முடிக்க எத்தகைய கையுறுதி வேண்டும் என்பதைச் சிந்தித்துப் பார்த்தல் தகும்.

முன்னோர்க்குப் பட்ட கடன்

இம்முறை அஸ்ஸஹ்ராவீயின் தனிக் கண்டுபிடிப்பு என்று சொல்வது உண்மைக்கு மாறாகும். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏஜினா தீவின் பவுல் என்னும் கிரேக்க மருத்துவரின் நூலில் மயிரிழையால் சதையை உரிக்கும் முறை உள்ளது. அவரது நூல் அரபியில் பெயர்க்கப்பட்டு, அஸ்ஸஹ்ராவீயின் அறுவைப் பகுதிக்குப் பேராதாரமாக விளங்கியது. அதற்கும் முன்னரே நம் பாரத நாட்டின் சுசுருதர் இந்நோயை அர்மம் எனக் குறித்து, கொக்கியால் தூக்கி, ஊசியும் நூலும் கொண்டு பிடித்து அறுக்கும் முறையையும், கண்முனையை ஒட்டிய பகுதியில் ஒரு பங்கை விட்டுவைக்க வேண்டும் என்னும் எச்சரிக்கையையும் தம் நூலில் கூறியுள்ளார். சுசுருதரின் நூல் பக்தாதில் அப்பாசியர் காலத்தில், அமைச்சர் யஹ்யா இப்னு காலிதின் வேண்டுகோளின்படி, மன்கா என்னும் இந்திய மருத்துவரால் அரபுலகிற்கு விளக்கப்பட்டது என இப்னு நதீமின் நூற்பட்டியல் தெரிவிக்கிறது.

அவ்வாறாயின் அஸ்ஸஹ்ராவீயின் சிறப்பு யாது? பெற்றதைத் தம் கையால் செய்து பார்த்து, தவறும் இடங்களைக் கண்டு, கருவியை வரைந்து, அடுத்த தலைமுறை பின்பற்றத்தக்க ஒழுங்கில் அமைத்துத் தந்ததே அவர் சிறப்பு. அவர் நூலில் கண்டதும் கேட்டதும் கலப்பதில்லை. கண்புரைக்கு அவர் கூறும் முறை, புரையை ஊசியால் கீழே தள்ளுவது. அவ்விடத்தில், ஈராக்கில் உள்துளை கொண்ட ஊசியால் புரையை உறிஞ்சி எடுப்பதாக அந்நாட்டார் சிலர் கூறக் கேட்டதாகவும், தம் நாட்டில் அதனைத் தாம் கண்டதில்லை என்றும், முன்னோர் நூலிலும் படித்ததில்லை என்றும், அது புதிய முறையாக இருக்கலாம் என்றும் எழுதுகிறார். அறியாததை அறியாதது என்றே எழுதி வைத்த இந்நேர்மை போற்றற்குரியது.

தாம் கண்ட ஒன்றிலிருந்து அவர் எவ்வாறு முடிவுக்கு வருவார் என்பதற்கும் சான்று உண்டு. பணிப்பெண் ஒருத்தி கத்தியால் தன் கழுத்தை அறுத்துக்கொண்டாள். அழைக்கப்பட்டுச் சென்ற அவர், பெருங்குருதிக் குழாய்கள் வெட்டுப்படவில்லை என்பதையும், மூச்சுக்காற்று காயத்தின் வழியே வெளிவருவதையும் கண்டு, விரைந்து தையலிட்டு மருத்துவம் செய்தார். குரல் சற்றுக் கம்மியது தவிர வேறு குறையின்றி அவள் பிழைத்தாள். மூச்சுக்குழலில் ஏற்படும் புண் ஆறும் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொண்டு, மூச்சடைக்கும் நோயாளிக்கு அக்குழலைத் திறப்பதில் அச்சமில்லை என அவர் துணிந்து எழுதினார்.

நகரின் வீழ்ச்சியும் நூலின் பயணமும்

1009 ஆம் ஆண்டில் அந்தலூஸில் உள்நாட்டுப் போர் மூண்டது. அடுத்த சில ஆண்டுகளில் மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டுப் பாழாயிற்று. எண்பது ஆண்டுகளும் நிறையாத அந்நகரின் தூண்களும் பளிங்குகளும் பிற்காலத்தில் வேறு கட்டடங்களுக்குப் பெயர்த்துச் செல்லப்பட்டன. அஸ்ஸஹ்ராவீயும் ஏறத்தாழ 1013 ஆம் ஆண்டில் மறைந்தார். நகரம் மண்ணுக்குள் உறங்கிற்று. 1911 ஆம் ஆண்டில் தொடங்கிய அகழாய்வே அதனை மீண்டும் வெளிக்கொணர்ந்தது. 2018 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

கல்லால் எழுப்பியது வீழ, தாளில் எழுதியது வாழ்ந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு தஸ்ரீஃபின் அறுவைப் பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்நூல் எபிரேயத்திற்குச் சென்றது. பதினான்காம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர் கீ த ஷோலியாக் 1363 ஆம் ஆண்டில் முடித்த தம் நூலில் அஸ்ஸஹ்ராவீயை மீண்டும் மீண்டும் சான்று காட்டினார். 1465 ஆம் ஆண்டில் துருக்கிய மருத்துவர் ஷரஃபுத்தீன் சாபுன்ஜுஓக்லு அதனை அடியொற்றித் துருக்கி மொழியில் வண்ணப் படங்களுடன் நூல் செய்தார். அச்சு இயந்திரம் தோன்றியதும் மருந்து செய்முறைப் பகுதி 1471 ஆம் ஆண்டிலும், அறுவைப் பகுதி 1497 ஆம் ஆண்டிலும் வெனிஸில் அச்சேறின. 1778 ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் அரபு மூலமும் இலத்தீன் பெயர்ப்பும் ஒருங்கே வெளிவந்தன. 1973 ஆம் ஆண்டில் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியாயிற்று.

வெறும் புண்ணை மூடிய ஒட்டு

அஸ்ஸஹ்ராவீ தீர்க்காமல் விட்ட சிக்கல் ஒன்று இக்கண்நோயில் எஞ்சி நின்றது. சதையை அகற்றிய இடத்தில் கண்ணின் வெள்ளைப் பகுதி போர்வையின்றி வெறுமையாகிறது. அவ்வெறும் இடத்தை நோக்கி அருகிலுள்ள திசு மீண்டும் படர்கிறது. பல வேளைகளில் முன்னிலும் வேகமாக வளர்ந்து கருவிழியைப் பற்றுகிறது. உப்பும் களிம்பும் இட்டது எஞ்சிய சதையைக் கரைக்கும் முயற்சி எனலாம். புண்ணை வெறுமையாக விடும் முறை இருபதாம் நூற்றாண்டிலும் வழங்கியது. அம்முறையில் நோய் மீள்வது, ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டு, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒன்பது பங்கு வரை சென்றது. மைட்டோமைசின் என்னும் மருந்தை இட்டு வளர்ச்சியைத் தடுக்க முயன்றனர். அதனால் சிலருக்குக் கண்ணின் வெண்ணிறச் சுவர் மெலிந்து கேடுற்றது.

தீர்வு நோயாளியின் கண்ணிலேயே இருந்தது. மேலிமையின் நிழலில், வெயில் படாமல், நலமாக உள்ள கண்சவ்விலிருந்து மெல்லிய துண்டொன்றை எடுத்து, சதை நீங்கிய வெறும் இடத்தில் ஒட்டாக வைத்தனர். 1985 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கென்னத் கென்யனும் உடனுழைத்தோரும் வெளியிட்ட ஆய்வு இம்முறையை உலகெங்கும் பரப்பியது. முற்றிய நிலையிலும் மீண்டும் வளர்ந்த நிலையிலும் இருந்த 57 கண்களுக்கு அவர்கள் ஒட்டிட்டனர். 3 கண்களில் மட்டுமே நோய் மீண்டது. ஒட்டு எடுத்த இடம் சில வாரங்களில் தானே ஆறிவிடும். ஒட்டினை மயிரினும் மெல்லிய இழையால் தைப்பர். அல்லது குருதிப் புரதத்தினால் ஆன பசையால் ஒட்டுவர். கருவிழி விளிம்பில் உள்ள குருத்தணுக்களே கருவிழியின் மேற்பரப்பைப் புதுப்பித்துக் காப்பவை என்பதால், ஒட்டின் விளிம்புப் பக்கம் கருவிழியின் விளிம்பை நோக்கியே அமையுமாறு கவனித்து வைப்பர். கண்சவ்வு போதாத கண்களுக்குப் பனிக்குடச் சவ்வும் பயன்படுகிறது.

இவ்வொட்டு முறை அஸ்ஸஹ்ராவீக்குத் தெரியாது. தெரிந்தது போல் எழுதுவது அவருக்குப் பெருமை சேர்க்காது. ஆயினும், நலமான திசுவைக் காத்தல், கண்முனைச் சதையைச் சிதையாமல் விடுதல், கருவிழியைத் தீண்டாமல் உரித்தல் என அவர் வகுத்த கவனங்கள் இன்று நுண்ணோக்கியின் கீழ் அறுவை செய்வோர்க்கும் உரியனவாகவே நிற்கின்றன. அகற்றுவதில் அவர் கொண்ட அடக்கத்தோடு, இழந்த இடத்தை நோயாளியின் சொந்தத் திசுவால் நிரப்பும் அறிவு பின்னர் வந்து சேர்ந்தது. முன்னவரின் கையும் பின்னவரின் கையும் ஒரே கண்ணில் சந்திக்கின்றன.

நிறைவாக

முன்னோர் பெருமையைப் பேசுவதில் நம் சமுதாயம் தயங்குவதில்லை. எல்லாம் நாமே கண்டோம் என்று மார்தட்டுவோரும் உளர். அஸ்ஸஹ்ராவீயின் வாழ்வு அவ்வழியை நமக்குக் காட்டவில்லை. கிரேக்கரிடம் கற்றதை மறைக்காமல், ஈராக்கியர் சொன்னதைத் தம் கண்டுபிடிப்பாக்காமல், தம்மால் இயலாத நோயாளியிடம் கத்தியை எடுக்காமல், இயன்றதனைத்தையும் மாணவர்க்கு மிச்சமின்றி எழுதி வைத்தவர் அவர். அறிவை அடைக்கலப் பொருளாகக் கருதி, பெற்றதைப் பேணி, வளர்த்து, அடுத்தவர் கையில் ஒப்படைப்பது இறையச்சமுடைய அறிஞனின் கடமை. அக்கடமையை அவர் குறைவின்றி நிறைவேற்றினார்.

மருத்துவமோ, மொழியோ, கணக்கோ, எத்துறையைக் கற்கும் மாணவர்க்கும் அவர் விட்டுச் சென்ற பாடம் ஒன்றே. கற்றுத் தெளிந்த பின்னரே கையில் கருவியை எடுக்க வேண்டும். எடுத்த பின் அதன் எல்லையை அறிந்து நிற்க வேண்டும். தம் நகரம் இடிந்த காலத்திலும் இடியாத நூலொன்றை விட்டுச் சென்ற அப்பெருமகனாரின் மறுமை வாழ்வை இறைவன் சிறப்பாக்குவானாக.